முதல் ரோல் கேமராவுக்கு, இரண்டாவதுதான் நமக்கு

பழைய பிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஒரு ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு நேரே வெளியே கிளம்பிவிடுவார்கள். கழுவி வரும்போது பாதிப் படம் இருண்டிருக்கும், மீதி வெளுத்திருக்கும், ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒளிக்கோடு ஓடும். "பிலிம்னா அப்படித்தான், அதுதானே அழகு" என்று அதற்கொரு சமாதானமும் தயாராக இருக்கும். எனக்கு அந்தச் சமாதானத்தில் நம்பிக்கை இல்லை. இதே கேமராக்கள் புதிதாக இருந்த காலத்து ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒளிக்கோடு எங்கேயும் இருக்காது. கேமராவின் பின்மூடியைச் சுற்றி இருக்கும் ஸ்பாஞ்ச் மட்கிப்போனதால் வந்த கோடு அது. அழகெல்லாம் பிறகு நாமாகச் சூட்டிக்கொண்டது.

என் பெரியப்பா தன் பென்டாக்ஸ் கே1000 கேமராவை என்னிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "மொத ரோல் கேமராவுக்கும்மா. ரெண்டாவதுதான் உனக்கு." அதாவது, முதல் ரோலில் படம் எடுக்கக் கூடாது, கேமராவைச் சோதிக்க வேண்டும். கேட்டபோது சப்பென்றுதான் இருந்தது. 36 படங்களையும் சுவரையும் ஸ்கேலையும் எடுத்தே தீர்ப்பதா என்று தோன்றியது. ஆனால் அந்த ஒரு ரோலில் கற்ற அளவுக்கு, பிறகு எடுத்த ரோல்களில் நான் கற்றதில்லை.

கே1000 1976இல் வந்தது, 1997 வரை தயாரிப்பில் இருந்தது. போட்டோகிராபி படிக்கிற மாணவர்களின் கேமரா என்று பெயர் வாங்கியது. காரணம், அதில் இருப்பவற்றைவிட இல்லாதவைதான். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, செல்ஃப் டைமர் இல்லை, ஆன் ஆஃப் பட்டன்கூட இல்லை. பேட்டரி வெறும் ஒளி மீட்டருக்கு மட்டும். பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் 1 நொடியிலிருந்து 1/1000 நொடி வரை எல்லா வேகத்திலும் ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரை, வேலை செய்யும். எல்லாமே பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான்.

யாராவது முதல் பிலிம் கேமராவுக்கு யோசனை கேட்டால், மாடல் எதுவாக இருந்தாலும் இந்த வகையில் ஒன்றைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நிக்கான் எஃப்எம், ஒலிம்பஸ் ஓஎம்-1, ஜெனிட் எல்லாமே இப்படி மெக்கானிக்கல் ஷட்டர் கொண்டவை. கேனான் ஏஇ-1 போன்றவை அருமையான கேமராக்கள்தான். ஆனால் அவற்றில் ஷட்டரை இயக்குவதே பேட்டரியும் மின்சுற்றும். மின்சுற்று போய்விட்டால் அதைச் சரிசெய்ய ஆள் கிடைத்தாலும் பாகம் கிடைப்பது கஷ்டம். பேட்டரி விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓஎம்-1 போன்ற சில கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். கே1000இல் அந்தச் சிக்கல் இல்லை. எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று போதும். இரண்டில் எஸ்ஆர்44 மேல். அது தீரும் வரை வோல்டேஜ் ஒரே சீராக நிற்கும். எல்ஆர்44 கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கூடவே மீட்டரும் பிசகும்.

ஆன் ஆஃப் பட்டன் இல்லாததால் லென்ஸில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் மீட்டர் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். இன்றைக்கும் பெரியப்பா போன் செய்தால், "ஏம்மா, மூடியப் போட்டு வச்சிருக்கியா?" என்பதுதான் முதல் கேள்வி.

ரோல் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை சில உண்டு. பேட்டரி அறையைத் திறந்தால் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா? லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டால் சரியாகிவிடும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி தெரிந்தால் கவலை வேண்டாம், அது படத்தில் விழாது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தை மங்கலாக்கும், மேலும் பரவும். லென்ஸின் பின்னால் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளி விட்டால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துவாரத்தின் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பேறித்தனமாக நகர்ந்தால் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது ஸ்பாஞ்ச். அந்தக் காலத்துக் கேமராக்களில் பின்மூடி உட்காரும் பள்ளத்திலும், உள்ளே இருக்கும் சின்ன முகக்கண்ணாடி படம் எடுக்கும்போது மேலே போய் முட்டும் இடத்திலும் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். வருஷங்கள் ஓட ஓட அது மட்கும். எங்கள் கேமராவில் குச்சியால் தொட்டதும் தார் போல இழுபட்டு ஒட்டிக்கொண்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மரக்குச்சியால் பள்ளத்தை மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒட்டும் ஃபோம் பட்டையை அளவாக வெட்டி ஒட்டினேன். பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். ஒரே எச்சரிக்கை: உள்ளே இருக்கும் கண்ணாடியை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது. அதன் வெள்ளிப்பூச்சு மேல்பரப்பிலேயே இருக்கிறது. துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

ஷட்டரைக் காதாலும் சோதிக்கலாம். பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரோல் இல்லாமல், 1 நொடியில் வைத்து அழுத்தினால் உள்ளே பல்சக்கரம் 'ர்ர்ர்' என்று ஓடி முடியும் சத்தம் கேட்கும். பாதியில் திணறினால் மெதுவான வேகங்கள் கெட்டுப்போயிருக்கின்றன. மொபைலில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் இன்னும் நல்லது. நொடிக்கு 240 ஃப்ரேம் வீடியோவில் 1/60 நொடி என்பது சுமார் 4 ஃப்ரேம், 1/30 என்றால் 8, 1/15 என்றால் 16. எண்ணிப் பார்த்துவிடலாம். வேகமான வேகங்களுக்கு இது போதாது. அதற்குத்தான் சோதனை ரோல்.

ரோலுக்குப் புதிய கலர் நெகட்டிவ் பிலிம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 200, கோடாக் கோல்ட் எடுத்துக்கொண்டேன். காலாவதியான பிலிமை முதல் ரோலாகப் போடவே கூடாது. படம் கெட்டால் பிலிம் கெட்டதா கேமரா கெட்டதா என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. நெகட்டிவாக இல்லாமல் நேராகவே படமாக வரும் ஸ்லைடு பிலிமும் வேண்டாம். வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அது மன்னிக்காது. ரோல் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டம் போட்டிருக்கும் டிஎக்ஸ் குறியீடு 1983இல்தான் வந்தது. 1976இல் வடிவமைத்த கேமராவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஷட்டர் வேகத் திருகின் வெளி வளையத்தைத் தூக்கித் திருப்பி, சின்ன ஜன்னலில் 200 தெரியும்படி நாமே வைக்க வேண்டும்.

ரோல் போடுவதில்தான் முதல்முறைக்காரர்களுக்குக் கை நடுங்கும். பிலிமின் நாக்கை வலப்பக்கத் தண்டின் பிளவில் செருகி, ஒருமுறை லீவரை இழுத்து, மேலும் கீழும் இருக்கும் துளைகள் இரண்டு வரிசையும் பல்லில் உட்கார்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே மூட வேண்டும். மூடியதும் இடப்பக்கம் இருக்கும் ரீவைண்ட் கைப்பிடியைத் தூக்கி, அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றினால் தொய்வு போய் ஒரு இறுக்கம் விரலில் தெரியும். அதற்கு மேல் சுற்றக் கூடாது. இதன் பிறகு லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ரீவைண்ட் குமிழ் தானாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பினால் பிலிம் நகர்கிறது. கவுண்டரை நம்பக் கூடாது. பிலிமே இல்லாவிட்டாலும் கவுண்டர் எண்ணிக்கொண்டேதான் போகும்.

இனி சோதனை. வெளிச்சக் கணக்கு தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எஃப் எண் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்துக்கொண்டு, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகமாக வைத்தால் படம் சரியாக வரும் என்பது பழைய கணக்கு. 'சன்னி 16' என்பார்கள். 200 பிலிமுக்கு, அதற்கு மிக அருகில் இருக்கும் 1/250, எஃப் 16. லேசாக மேகம் மூடினால் எஃப் 11, நிழல் தெரியாத அளவுக்கு மேகமென்றால் எஃப் 8, அடர்ந்த மேகத்துக்கு 5.6, திறந்த நிழலில் 4. எஃப் எண்ணில் ஒரு படி ஏறினால் வெளிச்சம் பாதியாகும். ஷட்டரில் ஒரு படி வேகம் கூட்டினாலும் பாதி. எனவே 1/125க்கு எஃப் 22, 1/250க்கு எஃப் 16, 1/500க்கு எஃப் 11, 1/1000க்கு எஃப் 8 என்ற நான்கு ஜோடியுமே பிலிமுக்குக் கொடுப்பது ஒரே அளவு வெளிச்சம்.

சோதனையின் உயிர்நாடி இந்தக் கடைசி வாக்கியம்தான். முழு வெயில் அடிக்கும் ஒரு வெற்றுச் சுவரை, ஸ்டாண்டில் வைத்து, அந்த நான்கு ஜோடியிலும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஷட்டர் ஒழுங்காக இருந்தால் நான்கு நெகட்டிவும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும். எந்த ஜோடி மாறித் தெரிகிறதோ அந்த வேகத்தில் கோளாறு. பிறகு வெளிச்சம் மாறாத நிழலுக்குப் போய் மெதுவான வேகங்கள். அங்கே மீட்டர் 1/60, எஃப் 4 காட்டியது. அதிலிருந்து 1/30க்கு எஃப் 5.6, 1/15க்கு எஃப் 8, 1/8க்கு எஃப் 11, 1/4க்கு எஃப் 16, 1/2க்கு எஃப் 22 என்று இறங்கினேன். சுவரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மரமோ ஆளோ இருந்தால் அடர்த்தி வித்தியாசம் படத்துக்குள் ஒளிந்துகொள்ளும். வெற்றுச் சுவரில் ஒளிய இடமில்லை.

ஃபோகஸுக்கு ஸ்கேல். மேஜையில் ஒரு ஸ்கேலை வைத்து, சாய்வாக, லென்ஸின் மிகக் குறைந்த தூரமான 45 சென்டிமீட்டரில், எஃப் 2 வைத்து 15 என்ற எண்ணில் ஃபோகஸ் செய்தேன். அந்தத் தூரத்தில் எஃப் 2வில் தெளிவாக விழும் ஆழம் அரை சென்டிமீட்டர் அளவுதான். வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில்) 15 தெளிவாகத் தெரிந்து, படத்தில் 14 அல்லது 16 தெளிவாக விழுந்தால் கண்ணாடியின் சாய்வோ ஃபோகஸ் திரையோ நகர்ந்திருக்கிறது. கே1000இல் ஃபோகஸ் பார்ப்பது திரையின் நடுவில் இருக்கும் மைக்ரோபிரிசம் வட்டத்தில். ஃபோகஸ் இல்லாதபோது அந்த வட்டம் மினுமினுவென்று நொறுங்கித் தெரியும். சரியானதும் சட்டென்று அடங்கும். பழகிவிட்டால் ஒரு நொடி வேலை.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நோட்டில் ஒரு வரி: எண், வேகம், எஃப் எண், வெயிலா நிழலா, மீட்டர் ஊசி எங்கே நின்றது. மொபைல் கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே இந்த விவரமெல்லாம் பதிந்துவிடும். பிலிமில் பதியாது. படம் கழுவி வரும்போது நாம் எதை எப்படி வைத்தோம் என்பது சுத்தமாக மறந்திருக்கும். நோட்டு இல்லாத சோதனை ரோல் தண்டம்.

முடிந்ததும் லீவர் இறுகி நிற்கும். அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. அடிப்பக்கம் இருக்கும் சின்ன பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பிடியை அம்புக்குறிப் பக்கம் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் லேசாக இழுத்து விடுபட்டு, கைப்பிடி காற்றில் சுற்றுவதுபோல் லகுவாகிவிடும். அதன் பிறகுதான் பின்மூடி.

கழுவக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, நெகட்டிவைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டும். ஸ்கேன் மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கி எறியும் வழக்கம் இப்போது சில இடங்களில் இருக்கிறது. இரண்டாவது, ஸ்கேனில் தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஸ்கேன்கள் முதலில் வந்தன. நான்கு சுவர்ப் படமும் ஒரே மாதிரி, குறை சொல்ல முடியாதபடி இருந்தன. கேமரா நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டியிருப்பேன். பெரியப்பாதான், "ஸ்கேன் பொய் சொல்லும்மா, நெகட்டிவ் வரட்டும்" என்றார்.

உண்மைதான். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறை 1972இலிருந்து எங்கும் ஒன்றுதான்: படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் திரவம் 37.8 டிகிரி செல்சியஸில், 3 நிமிடம் 15 நொடி. அதில் தனிப்பட்டவரின் கைத்திறனுக்குப் பெரிய இடம் இல்லை. மாறுவது ஸ்கேனரில். இருண்ட படத்தை அது வெளிச்சமாக்கும், வெளுத்ததை அடக்கும், எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். சாதாரணப் படங்களுக்கு அது உதவி. சோதனைக்கு அது எதிரி.

நெகட்டிவ் வந்ததும் மொபைல் திரையை வெள்ளையாக வைத்து அதன் மேல் பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் அதிகம் விழுந்த இடம் கறுத்து அடர்ந்திருக்கும், விழாத இடம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். 1/125, 1/250, 1/500 மூன்றும் ஒரே அடர்த்தி. 1/1000இல் எடுத்த ஃப்ரேம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் போக மெலிந்துகொண்டே போனது. ஸ்கேனர் மறைத்த சமாசாரம் இது. தெரிந்த பிறகு அதே ஸ்கேனைத் திறந்து பார்த்தால் அங்கேயும் ஒரு ஓரம் லேசாக இருண்டிருப்பது தெரிகிறது.

ஏன் இப்படி? இந்த ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை ஓடிப் பிலிமைத் திறக்கும், இரண்டாவது அதைத் துரத்திக்கொண்டு வந்து மூடும். 1/60 வரை முழு ஃப்ரேமும் ஒரு கணமாவது திறந்து நிற்கும். அதனால்தான் பிளாஷ் உபயோகிக்க உச்ச வரம்பு 1/60. அதற்கு மேல் போனால் முதல் திரை ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். இரண்டுக்கும் இடையிலான பிளவுதான் 36 மில்லிமீட்டர் நீளத்தையும் கடந்து போகும். 1/1000இல் அந்தப் பிளவின் அகலம் சில மில்லிமீட்டர்தான். உள்ளே மசகு காய்ந்து முதல் திரை கொஞ்சம் தாமதித்தாலும் இரண்டாவது அதை நெருங்கிவிடும், பிளவு குறுகும், ஓடி முடியும் பக்கம் வெளிச்சம் குறையும். பல வருஷம் எண்ணெய் காணாத எந்தத் துணி ஷட்டருக்கும் வரும் முதுமை இது. கேமராவின் தரத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

மெதுவான வேகங்களில் 1/8க்குக் கீழே நெகட்டிவ் கொஞ்சம் அடர்த்தி கூடியிருந்தது. கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். பொதுவாகவே நெகட்டிவ் பிலிமுக்கு வெளிச்சம் கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் ஆபத்து. நிழலில் பதியாமல் போனதை எந்த ஸ்கேனராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஸ்கேல் படத்தில் 15 கச்சிதமாக விழுந்திருந்தது.

நெகட்டிவைப் படிக்கத் தெரிந்தால் மற்ற பல நோய்களையும் அதிலேயே கண்டுபிடிக்கலாம். பிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி, தயாரிப்பாளர் பெயரும் ஃப்ரேம் எண்ணும் அச்சாகியிருக்கும். தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்தது அது, கழுவும்போதுதான் வெளிவரும். அந்த எழுத்து திடமாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் கேமராவிலோ நம் கணக்கிலோ பிசகு. எழுத்தே மங்கியிருந்தால் கழுவியதில் பிசகு. எழுத்து மட்டும் இருந்து பிலிம் முழுக்கக் காலியாக இருந்தால் ரோல் நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கவே இல்லை. கழுவிய இடத்தில் போய்ச் சண்டை போடுவதற்கு முன் இந்த எழுத்தைப் பார்த்துவிடுவது மரியாதை.

ஒளிக்கசிவிலும் இரண்டு வகை. கறை படத்தைத் தாண்டித் துளைகள் வரை பரவியிருந்தால் பின்மூடி ஸ்பாஞ்ச். படத்தின் சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டர் துணியில் ஊசித்துளை இருக்கலாம். பிலிமின் நீளவாக்கில் நேர்கோடாகக் கீறல் ஓடினால் உள்ளே பிலிமை அழுத்திப் பிடிக்கும் தகட்டில் மணல் துகள். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள். சினிமாவுக்கென வந்த 35 மில்லிமீட்டர் பிலிமைப் படுக்கவைத்து, இரண்டு சினிமாப் படத்தின் இடத்தை ஒரு படத்துக்கு எடுத்துக்கொண்ட சிறிய கேமராவாக 1925இல் லைக்கா சந்தைக்கு வந்தது. அன்றிலிருந்து ஒரு படத்துக்கு 8 துளை என்பதுதான் கணக்கு. இடைவெளி ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் ஒட்டியும் இருந்தால் லீவரின் பல்சக்கரம் வழுக்குகிறது.

இரண்டாவது ரோல் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ 400. அதில் முதலில் எடுத்தது பெரியப்பாவைத்தான். ஜன்னலோரம், வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். மீட்டர் ஊசியை நடுவில் நிறுத்திவிட்டு அழுத்தப் போனேன். "சட்டைய அளந்தியா, மூஞ்சிய அளந்தியா?" என்றார். மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு என்றெல்லாம் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவைத்தான் சொல்லும். வெள்ளைச் சட்டை பெரிதாகத் தெரிந்தால் சட்டை சாம்பலாகும், முகம் இருளும். அவர் தன் உள்ளங்கையை முகத்துக்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி நீட்டினார். "கிட்ட வா. கைய மட்டும் அள. அதுல ஒரு படி தொறந்து வை." உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு படி வெளிர், தோல் நிறம் எதுவானாலும் உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. கைக்கு மீட்டர் 1/125, எஃப் 5.6 காட்டியது. எஃப் 4க்குத் திறந்து எடுத்தேன். சட்டையின் மடிப்பும் முகத்தின் நிழல்பக்கமும் இரண்டும் நின்றன. இன்று மொபைலில் எடுக்கும்போதும் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த உள்ளங்கையிலிருந்துதான் வந்தது.

பிலிம் நிதானத்தைக் கற்றுத்தரும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ரோல் விலைக்குப் பயந்து யாரும் நிதானமாகத்தான் எடுப்பார்கள், அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிதானமாக எடுத்தும் வெளிச்சத்தை அளக்கத் தெரியாவிட்டால் நிதானமாகக் கெடுப்போம், அவ்வளவுதான்.

சில்லறை விஷயங்கள் சில. 50 மில்லிமீட்டர் லென்ஸை கையில் பிடித்து எடுக்கும்போது 1/60க்குக் கீழே போகாதீர்கள், ஷேக் ஆகும். கே1000 வ்யூஃபைண்டருக்குள் வேகமோ எஃப் எண்ணோ தெரியாது, வெறும் ஊசி மட்டும்தான். கண்ணுக்குக் கொண்டுபோகும் முன் திருகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்த ரோலை, வெளியில் எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிமில் ஈரம் படியும். எடுத்து முடித்த ரோலைச் சூட்டில் போட்டு வைக்காமல் சீக்கிரம் கழுவிவிட வேண்டும். விமானப் பயணமென்றால் கழுவாத பிலிமைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையிலேயே வைத்துக்கொண்டு கையால் சோதிக்கச் சொல்லுங்கள். விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் புதிய சிடி (CT) வகை எக்ஸ்ரே ஸ்கேனர்கள், பிலிமில் புகை படிந்ததுபோல் படத்தை மங்கலாக்கிவிடும்.

இந்த 1/1000 சமாசாரத்தை இன்னும் சரிசெய்யவில்லை. திறந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, இரண்டு திரைகளின் இழுவிசையையும் சமன்செய்யத் தெரிந்த ஆள் கிடைக்கும் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வேகத் திருகுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கரில் '500 வரை' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 400 பிலிமை நல்ல வெயிலில் போட்டால் 1/500க்கு எஃப் 16 வைத்தாக வேண்டும். பின்னணியை மங்கலாக்கி ஆளை மட்டும் எடுக்க அது ஒத்துவராது. அதற்கு 49 மில்லிமீட்டர் அளவில் ஒரு என்டி8 ஃபில்டர் வாங்கி லென்ஸில் திருகிக்கொண்டேன். வெளிச்சத்தை மூன்று படி குறைக்கும். அதே வெயிலில், அதே 1/500இல், எஃப் 5.6 வரை திறக்க முடிகிறது. மீட்டர் லென்ஸ் வழியாகவே அளப்பதால் ஃபில்டருக்கென்று தனியாகக் கணக்குப் போடவும் வேண்டியதில்லை. ஒரே தொந்தரவு, வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். ஃபோகஸை முடித்துவிட்டு ஃபில்டரைத் திருகுவதுதான் வசதி.